மல்பெரி இலையின் நரம்பும் கொள்ளேகால் பட்டுப்புழுவும்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சென்னை இராஜ்யத்தில் பட்டுப்புழு வளர்ப்பிற்கு முதன்மையான இடம் அதுவே. மைசூரோடு இணைந்த பின்னும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கிய பின்னும் அத்தொழில் அங்கே நிலைத்திருக்கிறது. எனினும் உழவருக்குக் கூறப்படும் அறிவுரை பெரும்பாலும் கட்டளையாகவே நின்றுவிடுகிறது. இலையைக் காலையிலோ மாலையிலோ பறிக்க வேண்டும். நண்பகலில் பறித்தல் ஆகாது. ஈரச் சாக்கினால் மூடி வைக்க வேண்டும். இவை ஏன் என்பதற்குரிய விடை இலையின் நரம்பிலேயே இருக்கிறது. அதைக் காட்டாமல் விதியை மட்டும் ஓதுவதால் பயன் குறைவு.

மல்பெரி இலையின் அடியிலிருந்து மூன்று பெருநரம்புகள் புறப்படுகின்றன. அவை கிளைத்து வலையாகப் பின்னி, கண்ணுக்குப் புலப்படாத நுண்கிளைகளாய் இலைச்சதையினுள் முடிகின்றன. நரம்பில் நீரை ஏற்றும் சைலம் மேற்புறத்திலும், உணவைக் கொண்டு செல்லும் புளோயம் கீழ்ப்புறத்திலும் அமைந்துள்ளன. தண்டில் உட்புறம் இருக்கும் சைலம், கற்றை இலைக்குள் வளைந்து செல்லும்போது மேற்புறமாகிறது. இதைக் கரும்பலகையில் ஒருமுறை வரைந்து காட்டினால், மாணவர் நெட்டுருச் செய்யும் சுமை ஒன்று குறையும்.

நண்பகலில் இலைத்துளைகள் வழியே வெளியேறும் நீர், வேரிலிருந்து ஏறிவரும் நீரை மிஞ்சிவிடுகிறது. அப்போது பறித்த இலை நீர் குறைந்தே கூடைக்கு வருகிறது. பறித்தபின் அதற்கு ஊட்டமும் இல்லை. பட்டுப்புழுவோ தனியே நீர் அருந்துவதில்லை. இலையிலுள்ள நீரே அதற்கு நீர். இளம்புழுக்களுக்கு இலையை நறுக்கி இடுகின்றனர். ஒவ்வொரு வெட்டும் நரம்பு வலையை அறுத்துப் புதிய விளிம்பைத் திறப்பதால், துண்டுகள் விரைந்து உலர்கின்றன. பாரபின் தாளால் மூடுவது இதன் பொருட்டே. உலர்ந்த துண்டைப் புழு நன்கு தின்னாது. தட்டிலுள்ள புழுக்கள் சமமின்றி வளரும். கூடு கட்டும் காலத்தில் நட்டம் குடும்பத்தின் தலையில் விழும்.

மலரில் அமைப்பு வேறு. பல செடிகளில் புல்லியிதழுக்கு இலையைப் போல மூன்று கற்றைகள் செல்கின்றன. அல்லியிதழுக்கும் மகரந்தத்தாளுக்கும் பெரும்பாலும் ஒவ்வொன்றே. மீரட்டைச் சேர்ந்த வி. பூரி 1951இல் வெளியிட்ட கட்டுரை, மலரின் இயல்பை அறிய இக்கற்றைகள் எவ்வாறு துணைபுரிகின்றன என்பதை விரிவாக ஆராய்ந்தது. மல்பெரிப் பூவில் அல்லியே இல்லை. அதன் நான்கு இதழ்களே பின்னர்ச் சதைப்பற்றாகிப் பழத்தில் சேர்கின்றன. ஆகவே இலைப் பாடத்திற்கு மல்பெரியையும், பூவிற்கு வெள்ளைக் காசித்தும்பையையும் எடுத்துக்கொள்ளுதல் நன்று. காசித்தும்பைக் கிளையைச் சிவப்பு மை கலந்த நீரில் வைத்தால் இதழின் நரம்புகள் சிவந்து தோன்றும். தண்டை நீருக்குள் அமிழ்த்தியே அறுத்தல் வேண்டும். குழாயினுள் காற்றுப் புகுந்தால் சாயம் ஏறுவது தடைப்படும். மல்பெரிக் கிளையை வெட்டும்போது வடியும் பாலை மாணவர் ஏறிவரும் நீர் என மயங்கக்கூடும். அது சைலத்திலிருந்து வருவதன்று. பாலுக்கெனத் தனிக் குழல்கள் அச்செடியில் உண்டு.