பூட்டிய படித்துறையும் திறந்த சாக்கடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாமிரபரணிக் கரையை அழகுபடுத்துவதாகச் சொல்லி எங்கள் ஊரில் நடந்துவரும் கைங்கரியங்களைத் தங்கள் பத்திரிகை அவ்வப்போது படங்களுடன் பிரசுரித்து வந்திருப்பதால், அவற்றின் பூர்வோத்தரங்களை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. அக்கைங்கரியங்களுக்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல, சென்ற ஆடி அமாவாசையன்று விடியற்காலையில் எள்ளும் தர்ப்பையுமாகப் பிதிர்த் தர்ப்பணத்துக்குப் போன எங்கள் தெருவார், தலைமுறை தலைமுறையாகத் தம் முன்னோர் இறங்கிக் குளித்த படித்துறையை மறித்து ஆளுயரக் கம்பிவேலியும், வேலியில் ஒரு கதவும், கதவில் ஒரு பூட்டும் இருக்கக் கண்டு திகைத்து நின்றார்கள். “மேலிடத்து உத்தரவு, பார்ப்பதற்குத்தான் மேடை கட்டியிருக்கிறதே, அங்கே நின்று பாருங்கள்” என்று காவலாளி மறுமொழி சொன்னான். அவன்மீது எனக்குக் கோபமில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். தர்ப்பணத்தைப் பார்வை மேடையில் நின்றபடி எப்படிச் செய்வது என்பதை மேலிடத்தார் எந்தச் சாஸ்திரத்தில் கண்டார்களோ, அதை மட்டும் அறிய ஆசைப்படுகிறேன்.

நெஞ்சைச் சுட்டது பூட்டு மட்டுமன்று. அதே வேலிக்குக் கீழ்ப்புறம், கூப்பிடு தூரத்துக்குள்ளாகவே, ஊர்க் கழிவெல்லாம் திரண்டு வரும் ஓடை ஒன்று இரவென்றும் பகலென்றும் பாராமல் ஆற்றில் விழுந்துகொண்டிருக்கிறது. அதற்கு வேலி கிடையாது, கதவு கிடையாது, எங்கே போகிறாய் என்று கேட்பாரும் கிடையாது. குளிக்க வருகிற மனிதனால் ஆறு தீட்டுப்படும், சாக்கடையால் படாது என்று புதிதாக ஓர் ஆகமம் ஏற்பட்டிருக்கிறது போலும்! நீர் மாசுபடுவதைத் தடுக்க இந்நாட்டில் 1974-ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்துவிட்டது. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை காலம் சாக்கடையை ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒரு படித்துறையைப் பூட்டுவதற்கு மட்டும் எத்தனை சுறுசுறுப்புடன் எழுந்து வந்திருக்கிறது உத்தியோக உலகம் என்று எண்ணும்போது, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆற்றைக் காத்து வந்தவர்கள் அதில் அன்றாடம் இறங்கியவர்களே என்பது என் அபிப்பிராயம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் இந்நதிக்குக் குறுக்கே கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை உள்ள எட்டு அணைக்கட்டுகளில், கடைசி ஒன்றுதான் வெள்ளைக்காரர் கட்டியது. மற்ற ஏழையும் அமைத்தவர்கள், எந்த வளைவில் நீர் தணியும், எந்த இடத்தில் கால்வாய்க்கு ஏறும் என்பதை நதியோடு பழகி அறிந்தவர்கள். நீரின் நிறம் சற்றே திரிந்தாலும், ஒரு புது வாடை வீசினாலும், அன்று காலையிலேயே அதைக் கண்டுகொண்டு கூக்குரலிட ஒவ்வொரு படித்துறையிலும் நாலு பேர் இருந்தார்கள். மணல் கொள்ளை மிஞ்சியபோது 2010-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடியவர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த இரா. நல்லகண்ணு அவர்களேயன்றி, ஓர் இலாகா அதிகாரி அல்லர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடெங்கும் மாசுற்றவையென்று கண்ட 351 ஆற்றுப் பகுதிகளில் நம் தாமிரபரணியும் இடம்பெற்றுவிட்ட பிறகு, ஆற்றைக் கவனிக்கும் கண்களைப் பெருக்க வேண்டியிருக்க, இருக்கிற கண்களையும் வேலிக்கு அப்பால் தள்ளுவது என்ன விவேகமோ!

இதற்கு மேலிடத்தார் சொல்லும் சமாதானங்களும் காதில் விழாமலில்லை. ஜனங்களின் பாதுகாப்புக்காகவாம். 2023 டிசம்பரில் வந்த வெள்ளம் கம்பிவேலியைக் கண்டு திரும்பிப் போகிற ஜாதியா? வெள்ள காலத்தில் நாலு நாள் தடுப்பது நியாயம். வருஷம் முழுவதும் பூட்டுவது சோம்பேறித்தனம். ஆளை விழுங்குவது மணல் வாரிய பள்ளம். அதை மூடாமல் படியை மூடுகிறார்கள். இரண்டாவதாக, குளிக்கிறவர்களே சோப்பும் பழந்துணியும் போட்டு அசுத்தம் செய்கிறார்களாம். பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்த துணியை ஆற்றில் விட்டுப் போகிற வழக்கம் வெட்கக்கேடு என்பதில் எனக்கும் ஆட்சேபமில்லை. அதைத் தடுக்கக் கரையில் ஒரு தொட்டியும் கண்டிப்பான ஓர் ஆளும் போதும். பூட்டுக்கு அங்கே என்ன வேலை?

வேலி போட்ட பிறகு நடப்பது என்ன? மாலை வேளைகளில் இளைஞர்கள் மேடையேறி, ஊர்ப் பெயரைப் பெரிய வர்ண எழுத்துகளில் நிறுத்தியிருக்கும் பலகைக்கு முன்னால் செல்பி எடுத்துக்கொண்டு, நதியின் பக்கம் முதுகைக் காட்டியபடியே இறங்கிப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லேன். தண்ணீரில் கால் நனைக்கவே விடாத ஆற்றிடம் அவர்களுக்கு என்ன பாத்தியதை தோன்றும்? நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது இந்த நீரைத்தான் என்று பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் குழாயில் வருகிற நீருக்காக எவனும் நீதிமன்றத்துக்கு நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகையால் நான் கோருவது மிகச் சுலபமானது. படித்துறைப் பூட்டைக் கழற்ற வேண்டும். ஓடையைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்ப வேண்டும். இரண்டாவதற்கு நிதி இல்லை, காலம் போதாது, கோப்பு வேறு இலாகாவில் இருக்கிறது என்பார்களாயின், அதுவரையில் அந்தப் பார்வை மேடையையாவது பெயர்த்துச் சாக்கடை விழும் வாயிலுக்கு நேரே நாட்டி, மாதாந்தர ஆய்வுக் கூட்டங்களை அதன்மேல் நடத்தும்படி கனம் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் கூட்டம் முடிவதற்குள்ளாகவே நிதியும் காலமும் கோப்பும் தாமே வந்து சேரும்.

இங்ஙனம்,
படித்துறைத் தெருவாசி ஒருவர்,
திருநெல்வேலி