மாத்திரை டப்பாவை மறைக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு அப்பா அம்மாவை அங்கே அழைக்கப் போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து பேசினான். 1998-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். "சார், அப்பா அம்மா ஜூன்ல இங்க வராங்க, ஆறு மாசம் இருப்பாங்க" என்றான். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. "இன்சூரன்ஸ் போட்டியாடா?" என்றேன்.

"டிக்கெட் போடும்போதே கீழ ஒரு கட்டம் இருந்துச்சு சார். டிக் பண்ணிட்டேன்."

"அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடறார்னு தெரியுமா?"

"சுகருக்கு ஏதோ சாப்பிடறார்னு நினைக்கிறேன் சார்."

"நினைக்கிறேன்" என்றால் தெரியாது என்று அர்த்தம். வகுப்பில் எத்தனை பேரிடம் இந்தப் பதிலைக் கேட்டிருப்பேன்! ஆனால் இந்த முறை அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் இதே தவறை நானே செய்து, என் மகளையும் மாப்பிள்ளையையும் கடனில் நிறுத்தியவன். அவனிடம் சொன்னதை உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2019-ல் எனக்கு ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இங்கே இருக்கும் உறவினர்களுக்குத் தெரியும். டல்லாஸில் இருக்கும் மகளுக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் அப்போதுதான் அங்கே வேலையில் சேர்ந்திருந்தாள். லீவு கிடைக்காது, தனியாக உட்கார்ந்து அழுவாள் என்று நினைத்தோம். "அப்பாவுக்கு காஸ் ட்ரபிள், ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாங்க" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். பிறகு சொல்லலாம் என்று தள்ளிப் போட்டோம். நான்கு வருடம் ஓடிவிட்டது.

2023-ல் அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்காகப் புறப்பட்டோம். எனக்கு அப்போது 66 வயது. டிராவல்ஸ் அலுவலகத்தில் இருந்த தம்பி, இன்சூரன்ஸ் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "சார், சுகர், பிரஷர், ஹார்ட் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். "ஒண்ணும் கிடையாது தம்பி" என்றேன். பிரீமியம் கூடுமே என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பாலிசி மகளின் மின்னஞ்சலுக்குப் போகும் என்பது. ஸ்டென்ட் என்று எழுதினால் அவள் பார்த்துவிடுவாள். மகளிடம் சொன்ன பொய்யைக் காப்பாற்ற, படிவத்திலும் பொய் எழுதினேன். இதய மாத்திரைகளை ஒரு டப்பாவில் கொட்டி, சத்து மாத்திரை என்று பெயர் சொல்லி எடுத்துப் போனேன்.

போன மூன்றாவது வாரம், நடு இரவில் நெஞ்சை அழுத்தியது. வியர்த்துக் கொட்டியது. மாப்பிள்ளை 911-ஐ அழைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் வேக வேகமாகக் கேள்விகள் கேட்டார். நிறைமாதக் கர்ப்பிணியான என் மகள் கட்டில் ஓரம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இதற்கு முன் இதய நோய் உண்டா?" என்று மருத்துவர் கேட்க, அவள் சற்றும் யோசிக்காமல் "நோ" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து, "இருக்கும்மா. ஸ்டென்ட் வச்சிருக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்க முடியவில்லை. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்த "நோ"வை நம்பித்தான் எனக்கு வைத்தியம் நடந்திருக்கும். இன்சூரன்ஸ் இருக்கட்டும், உயிருக்கே அது ஆபத்து.

நல்ல வேளையாகப் புது அடைப்பு எதுவும் இல்லை. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்து, இரண்டு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். அமெரிக்காவில் 1986-ல் வந்த ஒரு சட்டப்படி, அவசர சிகிச்சைக்கு வருபவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பரிசோதித்து, உயிராபத்து நீங்கும்வரை சிகிச்சை தர வேண்டும். ஆனால் பில் பின்னாலேயே வரும். மருத்துவமனைக்கு ஒன்று, மருத்துவர்களுக்குத் தனி, ஆம்புலன்ஸுக்குத் தனி. எல்லாம் சேர்த்து 58 ஆயிரம் டாலர் வந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனி என் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டது. டல்லாஸ் மருத்துவரின் குறிப்பிலேயே "2019-ல் ஸ்டென்ட்" என்று இருந்தது. படிவத்தில் "இல்லை" என்று இருந்தது. க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. இரண்டு நாள் கம்பெனியைத் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையது. யாரைத் திட்டுவது?

மாப்பிள்ளை மருத்துவமனையோடு பல வாரம் பேசினார். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் பில் கேட்டு வாங்கினார். லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் கட்டணச் சலுகைத் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்கு விண்ணப்பித்துக் குறைத்ததில் கடைசியாக 21 ஆயிரம் டாலரில் நின்றது. அன்றைய மதிப்பில் 17 லட்சத்துக்கு மேல். "ஊர்ல இருக்கிற மனையை வித்து அனுப்பிடறேன் மாப்பிள்ளை" என்றேன். "அதெல்லாம் வேண்டாம் மாமா" என்றார். இரண்டு வருடம் மாதத் தவணையாக அவர்கள்தான் கட்டினார்கள். பேத்தி பிறந்த வீட்டில் அந்தத் தவணையும் சேர்ந்தே வளர்ந்தது.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன்.

பயணக் காப்பீடு வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை. எல்லோரும் ஏதோ ஒன்றை எடுக்கிறோம். ஆனால் எதற்காக எடுக்கிறோம்? விசாவுக்காக, டிக்கெட்டோடு வந்ததற்காக, மனசமாதானத்துக்காக. பயணம் போகப்போகிற உடம்புக்காக எடுப்பவர்கள் குறைவு. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30 ஆயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள். அதற்கென்றே மலிவாக ஒன்றை வாங்கிக் கோப்பில் வைத்துவிடுகிறோம். அமெரிக்க சுற்றுலா விசாவுக்கு அதுவும் கேட்பதில்லை. கேட்காததால் தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். செலவு அதிகமாக வரக்கூடிய நாடே அதுதான்.

"ஓய்வூதியர் காப்பீட்டுக்கு மாதா மாதம் பிடிக்கிறார்களே, ஹெல்த் பாலிசி வேறு இருக்கிறதே" என்று என் வயது நண்பர்கள் கேட்கிறார்கள். ஓய்வூதியர் காப்பீடு கடல் தாண்டாது. நாம் இங்கே எடுக்கும் சாதாரண ஹெல்த் பாலிசிகளும் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும்தான். அமெரிக்காவில் முதியவர்களுக்கு அரசு தரும் மெடிகேர், சுற்றிப் பார்க்கப் போகும் நமக்குக் கிடையாது.

"உண்மையைச் சொன்னால் மட்டும் கொடுத்துவிடுவானா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். பல பயண பாலிசிகளில், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் சாதாரண வைத்தியச் செலவு கிடையாது. உயிருக்கு ஆபத்தான அவசர நிலைக்கு மட்டும், ஒரு வரம்பு வரை தருவார்கள். அமெரிக்காவில் விற்கும் சில திட்டங்களில், பழைய நோய் முன்னறிவிப்பின்றித் திடீரென்று தீவிரமானால், 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருந்தால் தருவார்கள். வயது ஏற ஏற அந்தத் தொகை குறையும். ஆக, உண்மையைச் சொன்னால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால்தான் நமக்குப் பொருந்தும் பாலிசி எது என்றே தேட முடியும். நான் "ஒண்ணும் கிடையாது" என்றதும் அந்தத் தம்பி மலிவானதை எடுத்துக் கொடுத்தார். ஸ்டென்ட் என்று சொல்லியிருந்தால் வேறு பாலிசி காட்டியிருப்பார். திரும்பி வந்த பிறகு போய்க் கேட்டேன். இருந்திருக்கிறது.

சரியான விவரம் கொடுத்தும் கம்பெனி அநியாயமாக மறுப்பது உண்டு. அப்போது முதலில் அந்தக் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லை என்றால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை. ஆனால் அங்கே போய் நிற்க, நம் படிவம் சுத்தமாக இருக்க வேண்டும். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள். கணக்கு வாத்தியார் பழக்கம், எண் போட்டே சொல்கிறேன்.

1. பாலிசி தேடும் முன் பெற்றோரின் மாத்திரைச் சீட்டைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்பது பதில் அல்ல.

2. அமெரிக்கத் திட்டங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், அறைக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை மட்டும் தருவார்கள், மீதி நம் தலையில். மற்றதில், முதலில் ஒரு தொகையை நாம் கட்டியபின், மொத்த வரம்பு வரை பெரும்பகுதியை அவர்கள் ஏற்பார்கள். முதல் வகை மலிவு. விலையை மட்டும் பார்த்து எடுப்பவர்கள் ஏமாறுவது இதில்தான்.

3. இங்கே விற்கும் பாலிசியாக இருந்தால், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உள்வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். மேலே 50 ஆயிரம் டாலர் என்று இருக்கும். உள்ளே ஒவ்வொரு செலவுக்கும் சிறிய வரம்பு போட்டிருப்பார்கள்.

4. தங்கும் நாட்கள் முழுவதும் பாலிசி இருக்க வேண்டும். தங்குவதை நீட்டித்தால், பழைய பாலிசி முடியும் முன்பே அதையும் நீட்டியுங்கள்.

5. உடல்நிலை மோசமாகி ஊருக்குக் கொண்டுவரும் செலவும், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, இறந்தால் உடலைக் கொண்டுவரும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

6. பாலிசி எண்ணும் அவசர உதவி எண்ணும் பெற்றோரின் பர்ஸில் தாளில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

தாய்லாந்து, பாலி என்று கிளம்பும் இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே வாடகை ஸ்கூட்டரைச் செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தாலோ, குடித்துவிட்டு அடிபட்டாலோ பல பாலிசிகள் கைவிரித்துவிடும்.

வெளிநாடே போகாதவர்களுக்கும் இது உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது, ஒரு ரூபாய்க்கும் குறைவாக ஒரு காப்பீடு கேட்பார்கள். ரயில் விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம். டிக் செய்துவிடுகிறோம். அதன் பிறகு செல்பேசிக்கு வரும் இணைப்பைத் திறந்து நாமினி பெயரை நிரப்புகிறவர்கள் எத்தனை பேர்? நிரப்பாவிட்டால், துக்கத்தில் இருக்கும் குடும்பம் வாரிசு என்று நிரூபிக்க அலைய வேண்டும். பணம் கட்டுவதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை.

என் வயதுக்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று. பிள்ளைகளுக்குக் கவலை தரக் கூடாது என்றுதான் நோயை மறைக்கிறோம். அன்பினால்தான். எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கவலை எங்கும் போய்விடவில்லை. நடு இரவில், நிறைமாதத்தில், அந்நிய ஊர் ஆஸ்பத்திரியில் அவள் தலையில் மொத்தமாக விழுந்தது. 2019-லேயே சொல்லியிருந்தால் ஒரு வாரம் அழுதிருப்பாள், அவ்வளவுதான்.

அடுத்த மார்ச்சில் மறுபடி போகிறோம். இந்த முறை படிவத்தை மகள்தான் நிரப்புகிறாள். வீடியோ காலில் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பிரீமியம் போன தடவையைப் போல இரண்டரை மடங்கு வந்தது. எல்லாம் முடிந்ததும், "அப்பா, வேற ஏதாவது மறைச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த என் மனைவி, "முட்டி வலிக்கு நாட்டு மருந்து சாப்பிடறார், அதையும் எழுதிக்கோ" என்றாள்.

எழுதிக்கொண்டாள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்