1603 சொல்லாத செய்தி

மின்சுற்றில் பல்பு எரியவில்லை என்றால் என் மாணவர்கள் மின்கலம், கம்பி, பல்பு மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுவார்கள். பல்பு எரியும். எது பழுது என்று கேட்டால் பதில் வராது.

பெரியவர்களும் இப்படித்தான். நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஓரிடத்திலிருந்தே மென்பொருள் அனுப்ப, 1994இல் மைக்ரோசாப்ட் ‘சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வர்’ மென்பொருளை வெளியிட்டது. அதன் இன்றைய வாரிசு ‘கான்ஃபிகரேஷன் மேனேஜர்’. புதிய பதிப்புக்கு மாறிய பிறகு சில வேளைகளில் அதன் ஒரு பாகம் மட்டும் நிறுவப்படாமல் நின்றுவிடும். அது சரியாகும்வரை அத்தனை கணினிகளுக்கும் திருத்தங்கள் போய்ச் சேராமல் போகலாம்.

கிடைப்பது 1603 என்ற பிழை எண். ‘காய்ச்சல்’ என்பது போன்றது அது, காரணம் சொல்லாது. பலர் உடனே எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். வீண்வேலை என்பேன். அந்த மென்பொருளே தானாக மறுபடியும் மறுபடியும் முயன்று தோற்றுக்கொண்டுதானே இருக்கிறது!

விடை பதிவுக் கோப்பில் இருக்கிறது. வரிகள் ஏராளம், மிரள வேண்டாம். ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்பதைத் தேடி, அதற்குச் சற்று மேலே படியுங்கள். எந்தப் படி முதலில் தோற்றது என்று அங்கே தெரியும். கணினிகளோடு பேசும் ‘மேனேஜ்மென்ட் பாயிண்ட்’ பாகம் என்றால், அது நம்பியிருக்கும் ஐஐஎஸ் வலைச்சேவையோ கோப்புகளைக் கடத்தும் பிட்ஸ் சேவையோ இல்லாமல் இருக்கலாம். அதைச் சரிசெய்தால் அடுத்த முயற்சியில் பாகம் தானே ஏறிக்கொள்ளும்.

அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் மூன்றையும் ஒன்றாக மாற்றுபவருக்கு மதிப்பெண் கிடையாது. ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதி வைப்பவருக்கு, பல்பு எரியாவிட்டாலும் உண்டு.