சந்தேகத்தோடும் மலையேறலாம்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஏழாவது நிலையம் பரங்கிமலை. சுமார் 300 அடி உயர மலையின் உச்சியில், 1523-ல் போர்ச்சுக்கீசியர் கட்டிய மாதா ஆலயம் இருக்கிறது. புனித தோமையார் கி.பி. 72-ல் உயிர்துறந்த இடம் இது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. ஜூலை 3 அவரது திருநாள்.

உயிர்த்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் தோமையார். இயேசு அவரை ஒதுக்கவில்லை. எட்டு நாள் கழித்து முன்னால் வந்து நின்று, தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

மகனின் வேலைக்காக, வீட்டில் ஒருவரின் நோய்க்காக வேண்டி வேண்டிக் களைத்துவிட்டீர்களா? ‘கடவுள் கேட்கிறாரா?’ என்று தோன்றினால் குற்ற உணர்வு வேண்டாம். அந்தக் கேள்வியையே இன்றைய செபமாகச் சொல்லுங்கள். சந்தேகத்தை மறைக்காமல் சொன்னவரின் பெயரில்தான் அந்த மலையே நிற்கிறது.