ஆறுமணிக்குருவிக்கு ஓவர்டிராஃப்ட் கிடையாது

அக்டோபர் பிறந்தால் போதும். சென்னையில் கிண்டி, அடையாறு, தாம்பரம் என்று மரம் அடர்ந்த வளாகங்களில் ஒரு விருந்தாளி வந்து இறங்கும். ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரண்டே சுரத்தில் விசிலடிப்பதால் வந்த பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். வடக்கே நவ்ரங். பச்சை முதுகு, மைதீட்டின மாதிரி கண்ணோரம் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு, இறக்கையில் பளீர் நீலம். விஞ்ஞானிகள் சூட்டிய 'பிட்டா' லத்தீன் என்று நினைக்காதீர்கள். சுத்தமான தெலுங்கு. பிட்ட என்றால் குருவி.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வரும். சில இங்கேயே தங்கிவிடும், சில கடல் தாண்டி இலங்கைக்குப் போய்விடும். பயணமெல்லாம் ராத்திரியில்தான். இத்தனைக்கும் மற்ற நாளில் தரையில் தத்தித் தத்திச் சருகு கிளறுகிற ஜாதி.

நான் காமர்ஸ் படித்தவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். அதன் உடம்புக் கொழுப்புதான் கையிருப்பு ரொக்கம். ராத்திரி பறந்தது செலவு. காலையில் புழுவும் பூச்சியும் கிடைத்தால் வரவு. கையிருப்பு தீர்ந்தால் ஓவர்டிராஃப்ட் கொடுக்க எந்த பேங்க்கும் அதற்கு இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நாம் போய் நிற்கிறோம், ஒன்றரை லட்ச ரூபாய் லென்ஸோடு. குருவி புதரை விட்டு வரவில்லையா? போனில் அதன் குரலையே ஒலிக்கவிடு! எதிராளி வந்துவிட்டான் என்று பதறி, சாப்பாட்டை விட்டுவிட்டு அது வெளியே ஓடி வரும், கூவும், தேடும். இல்லாத எதிராளியை எங்கே கண்டுபிடிப்பது? நமக்கு போட்டோ கிடைத்துவிடும்.

"சார், ஒரு நிமிஷம்தான் போட்டேன்" என்பார்கள். உங்களுக்கு ஒரு நிமிஷம். உங்களுக்குப் பின்னால் இன்னும் பதினைந்து பேர் நிற்கிறார்களே, ஆளுக்கொரு நிமிஷம் என்றால்? நாளைக்கு வருகிறவர்கள்? குருவிக்கு எல்லாம் ஒரே கணக்கில்தான் பற்று விழுகிறது.

"படம் போட்டால்தானே சார் விழிப்புணர்வு வரும்?" இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே குருவி, அதே கிளை, நூற்றியோராவது படம். அதைப் பார்த்து யார் புதிதாக விழித்துக்கொள்ளப் போகிறார்கள்? விஞ்ஞானத்துக்கு உதவி என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007-ல் தொடங்கிய மைக்ரன்ட்வாட்ச் என்ற திட்டம் பறவை ஆர்வலர்களிடம் கேட்டது எந்த ஊரில், எந்தத் தேதியில் வலசைப் பறவையைப் பார்த்தீர்கள் என்றுதான். இன்று ஈ-பேர்டிலும் காதால் கேட்டதை மட்டும் பதியலாம், படம் கட்டாயமில்லை. ஆறு மணிக்குத் தானே கூவுகிற குருவிக்கு இதைவிடச் சுலபமான முறை உண்டா? மொட்டை மாடியில் காபி டம்ளரோடு நின்றால் போதும்.

கேமரா இல்லாதவர்கள் சிரிக்க வேண்டாம். அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்கில் "ஒரு இலை கிடக்கக்கூடாது" என்று தீர்மானம் போட்டது யார்? நாம் கூட்டிக் கொளுத்துகிற சருகுதான் அதன் சாப்பாட்டு மேஜை. கூடவே விடிய விடிய எரிகிற விளக்கு, கண்ணாடிச் சுவர். வெளிச்சத்தில் தடுமாறி, கண்ணாடியில் மோதி விழுகிறது.

உங்கள் பால்கனியில் அப்படி ஒன்று விழுந்து கிடந்தால் பாலும் சோறும் ஊட்டாதீர்கள். மடியில் வைத்து செல்ஃபி எடுக்காதீர்கள். துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். தெளிந்துவிட்டால், பூனை இல்லாத புதர்ப் பக்கமாகப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்கு போன். அழகாக இருக்கிறதே, கூண்டில் வைத்துக்கொள்ளலாமா என்று குழந்தை கேட்டால், 1972-ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லுங்கள்.