பித்தப்பையை எடுக்கும் முன் ரத்தத்தைப் பாருங்கள்

எட்டு வயதுப் பிள்ளை வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சுருண்டு படுக்கிறது. கண்கள் மஞ்சளாக இருக்கின்றன. வீட்டில் ஒருவர் சூடு என்கிறார், இன்னொருவர் வாயு என்கிறார், பாட்டி கீழாநெல்லி அரைக்கப் போகிறார். காஞ்சிபுரத்து நெசவுத் தெருவானாலும் வேறு எந்த ஊரானாலும் நடப்பது இதுதான். வலி அடங்காமல் கடைசியில் ஸ்கேன் எடுத்தால், பித்தப்பையில் கல். இத்தனை சின்னப் பிள்ளைக்குக் கல்லா என்று பெற்றோர் திகைக்கிறார்கள்.

இந்தக் கல்லுக்கும் எண்ணெய்ப் பலகாரத்துக்கும் சம்பந்தமில்லை. நமது சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் செல் சோகை உள்ள குழந்தைக்கு அது 10 முதல் 20 நாளிலேயே உடைந்துவிடும். தலசீமியாவிலும் பரம்பரை ஸ்ஃபீரோசைட்டோசிஸிலும் இதே அழிவு வேறு விதத்தில் நடக்கிறது. உடைந்த அணுக்களிலிருந்து வெளியாகும் பிலிருபின் பித்தத்தில் மிகுந்து, கறுப்புக் கல்லாக உறைகிறது. நோய் ரத்தத்தில் இருக்கிறது. வலிதான் வயிற்றில் தெரிகிறது.

இதை அறியாமல் செய்யும் வைத்தியம் இரண்டு வகையில் கெடுக்கும். ‘ரத்தம் கம்மி’ என்று மாதக்கணக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை, ஏற்கெனவே உடலில் இரும்பு சேர்ந்துகொண்டிருக்கும் தலசீமியா குழந்தைக்குச் சுமையை ஏற்றும். அரிவாள் செல் உள்ள பிள்ளையை முன்தயாரிப்பில்லாமல் மயக்க மருந்து கொடுத்து அறுத்தால் நுரையீரல் பாதிப்பு வரை போகலாம். தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றி, நீர்ச்சத்து குறையாமலும் உடல் குளிராமலும் பார்த்து, நாள் குறித்துச் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை அது. நள்ளிரவில் அவசரமாகச் செய்வதல்ல.

அரசிடம் திட்டம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் சென்று பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமம் 2013-இல் வந்தது. அதன் நோய்ப் பட்டியலில் அரிவாள் செல் சோகையும் தலசீமியாவும் உண்டு, ஆனால் மாநிலம் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற வகையில்! 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளை நோக்கியது. இந்தியாவில் இந்த நோய் முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது என்பதால் அந்தக் கவனம் நியாயமே. ஆனால் பரம்பரை ரத்த நோய் மலையோடு நின்றுவிடுவதில்லை. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டும் வழக்கம் உள்ள மாநிலம் தமிழ்நாடு. நோயின் கூறு தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் அது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதில் எந்தச் சாதிக்கும் தெருவுக்கும் அவமானம் ஒன்றுமில்லை.

நெசவாளியின் நிலையையும் அதிகாரிகள் நினைத்துப் பார்க்க வேண்டும். கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் வேண்டும். ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கோ வேலூருக்கோ போனால் இருவர் கூலியும் நிற்கும். எனவே முதல் பரிசோதனை உள்ளூரிலேயே முடிய வேண்டும்.

பள்ளிப் பரிசோதனைப் பட்டியலில் விருப்பத் தேர்வாக இருக்கும் இந்த நோய்களைத் தமிழக அரசு கட்டாயமாக்கட்டும். சோகையோடு காமாலையும் திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்கு ரத்த அணுப் பரிசோதனையும் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனையும் காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்கட்டும். நோய் உறுதியானவர்களுக்கு ஆண்டுக்கொரு வயிற்று ஸ்கேன். அறுவை தேவை என்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குத் தேதி வாங்கிக் கொடுத்து அனுப்பும் பொறுப்பும் மாவட்ட நிர்வாகத்துடையதே.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு இரண்டாம் முறை காமாலை வந்தால், குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் பித்தப்பைக் கல்லோ மண்ணீரல் வீக்கமோ இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.