உசாத்துணைப் பட்டியலில் யார் பெயர் முன்னே வரும்?

பல்கலைக்கழக மாணவர் எழுதும் ஆய்வேட்டின் இறுதியில் உசாத்துணைப் பட்டியல் இருக்கும். எடுத்தாண்ட நூல்கள், கட்டுரைகள், பத்திரிகைகள் ஆகியவற்றின் ஒழுங்கான விவரமே உசாத்துணை. ஆய்வேட்டின் உள்ளே, ஒரு கருத்து வரும் இடத்திலேயே தரும் சிறு விவரம் சான்றுக் குறிப்பு. வாசகர் விரும்பினால் அதே நூலின் அதே பக்கத்தைத் திறந்து சரிபார்க்க முடியவேண்டும். இரண்டும் அதற்காகத்தான் இருக்கின்றன.

இந்த வழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏட்டுப் பிரதிகள் எங்கிருந்து கிடைத்தன என்பதைப் பதிப்புரையிலேயே சொன்னார். இன்று அதே விவரத்தை எந்த வரிசையில், எந்த நிறுத்தக்குறியோடு தருவது என்பதற்கு வகுத்த விதிகள் உள்ளன.

அவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று அடிக்குறிப்பு முறை. மற்றது ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் தரும் முறை. ஹாவார்ட் பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வேர்ட் மார்க் 1881இல் தம் கட்டுரை ஒன்றில் இரண்டாவது முறையைக் கையாண்டார். அதனால் அதற்கு ஹாவார்ட் முறை என்ற பெயர் நிலைத்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறையும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதன் ஏழாம் பதிப்பு 2019இல் வெளிவந்தது.

ஏபிஏ முறையில் குடும்பப் பெயர் முதலில் வரும். சொந்தப் பெயரின் முதலெழுத்து அடுத்து வரும். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. க. கைலாசபதி என்பதில் ‘க.’ தந்தையார் கனகசபாபதியைக் குறிக்கும். ஆனாலும் ‘கைலாசபதி, க. (1968)’ என்று எழுதுவது சரியே, ஏனெனில் அவர் அறியப்பட்டது அந்தப் பெயரால்தான். சிக்கல் வேறிடத்தில் வரும். புலம்பெயர்ந்த ஆய்வாளர் பலர் கடவுச்சீட்டு வழக்கப்படி சொந்தப் பெயரை முன்னும் தந்தை பெயரைப் பின்னும் எழுதுகிறார்கள். விதியை அப்படியே பொருத்தினால் பட்டியலில் தந்தை பெயர் முன்னே நிற்கும். ஓர் ஆய்வாளர் தம் கட்டுரைகளில் தம்மை எப்படிக் குறிக்கிறாரோ, அப்படியே நாமும் குறிப்பது நல்லது.

முதலெழுத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே சான்று உண்டு. மட்டுவிலில் பிறந்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ஒருவர். புலோலியில் பிறந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இன்னொருவர். இருவரும் ஒரே காலத்தவர், இருவரும் நிறைய எழுதியவர்கள். இருவரையும் எடுத்தாளும் ஆய்வேட்டில் வெறுமனே ‘கணபதிப்பிள்ளை’ என்றால் யாரென்று தெரியாது. ஒரே பெயருடைய இருவர் வந்தால் சான்றுக் குறிப்பிலும் முதலெழுத்தைச் சேர்க்கவேண்டும் என்பது ஏபிஏ விதி. பண்டிதமணி, பேராசிரியர் போன்ற பட்டங்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆகவே இருவரையும் பிரித்துக் காட்டுவது அந்த ஓரெழுத்துத்தான்.

அடுத்தது பதிப்பு. வி. செல்வநாயகத்தின் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ 1951இல் முதலில் வந்தது. பின்னர் பலமுறை அச்சாயிற்று. மறுபதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு 1951 என்று எழுதினால், தரும் பக்க எண் பொருந்தாமல் போகலாம். எந்தப் பதிப்பைப் பார்த்தோமோ அந்த ஆண்டையே தரவேண்டும். வெளியீட்டு இடத்தை ஏபிஏ ஏழாம் பதிப்பு கேட்பதில்லை. ஈழத்து நூல்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் அச்சானவை என்பதால், துறை அனுமதித்தால் இடத்தையும் எழுதுவது பயனுள்ளது என்பது என் எண்ணம்.

இன்று மாணவர் பலர் பழைய நூல்களை நூலகம் எண்ணிம நூலகத்தில் வாசிக்கிறார்கள். 2005இல் தொடங்கிய அந்த முயற்சியில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. அங்கே கவனிக்கவேண்டியது பக்க எண். திரையில் தெரியும் எண் அட்டையையும் முன்பக்கங்களையும் சேர்த்து எண்ணப்படுவது. நூலில் அச்சான எண் வேறாக இருக்கும். சான்றுக் குறிப்பில் வரவேண்டியது அச்சான எண். உசாத்துணையில் நூலக எண்ணையும் சேர்த்தால் தேடுவது எளிது.

பார்க்காத நூலைப் பார்த்ததுபோல் காட்டுவதே இவை எல்லாவற்றிலும் பெரிய பிழை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதில் சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றில் சிலவற்றைப் பழைய ஆய்வாளர்களின் மேற்கோள்கள் வழியாக மட்டுமே இன்று அறியலாம். அப்படி ஒன்றை எடுத்தாளும்போது மூல ஆசிரியர் பெயரைச் சொல்லி, ‘இன்னார் நூலில் மேற்கோளாக உள்ளவாறு’ என்று எழுதி, நாம் வாசித்த நூலை மட்டுமே பட்டியலில் சேர்க்கவேண்டும். நாம் நேரடியாக வாசித்தது எங்கே முடிகிறது, பிறர் வழி அறிந்தது எங்கே தொடங்குகிறது என்று அப்போதுதான் தேர்வாளருக்குத் தெரியும்.

பட்டியலைக் கணினியில் அகரவரிசைப்படுத்தும்போது ஒருமுறை கண்ணாலும் பார்க்கவேண்டும். சில மென்பொருள்கள் யுனிகோட் எண் வரிசையில் அடுக்கி, ஜெயராசாவைச் சிவத்தம்பிக்கு அடுத்து நிறுத்திவிடும். தமிழ் வரிசையில் கிரந்த எழுத்துகள் கடைசியில் வரும்.

எந்த முறை சிறந்தது என்ற விவாதம் மாணவருக்கு அவ்வளவு தேவையில்லை. துறை சொல்லும் முறையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மாறாமல் பின்பற்றினால் போதும். ஆனால் அந்த முறைகள் தமிழ்ப் பெயரை நினைத்து வகுக்கப்பட்டவை அல்ல. துறைகள் தரும் வழிகாட்டியில் தமிழ்ப் பெயர், மறுபதிப்பு, எண்ணிமப் பிரதி ஆகிய மூன்றுக்கும் தலா ஒரு மாதிரிப் பதிவு சேர்த்தால், மாணவரின் குழப்பத்தில் பெரும்பகுதி தீரும்.